சத்தத்தைக் குறைத்தால்தான் கிட்டார் கேட்கும்

எங்கள் பதுளைப் பக்கத்து மேடைகளில் கிட்டார் எடுபடவில்லை என்றால் எல்லோரும் வாசிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். பாவம், பாதி நேரம் அவன்மேல் பிழையே இருக்காது. ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள். கீபோர்ட்காரர் ஒருவரே வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒக்டபேட் இடிக்கும். கீழே தப்பு அடித்து முடித்தவர்கள் இன்னும் சூடு ஆறாமல் நிற்பார்கள். சவுண்ட்காரரோ பாடுகிறவரின் மைக்கைத் தவிர வேறெதையும் கூட்டமாட்டேன் என்று சபதம் எடுத்தவர். இத்தனைக்கும் நடுவில் ஆறு தந்தியின் சத்தம் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு நம் பையன்கள் கண்டுபிடிக்கிற வைத்தியம் எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, ஹொட் பிக்கப் ஒண்ணு போட்டுத் தாங்க" என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பசறைப் பக்கத்திலிருந்தும் ஹாலிஎல பக்கத்திலிருந்தும் திருத்த என் மேசைக்கு வரும் கிட்டார்களில் பாதி தேவாலயச் சபைக் கிட்டார்கள், மீதி கல்யாண வீட்டு பேண்ட் கிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் கேள்வி ஒன்றே, என் பதிலும் ஒன்றே. கூட்டாதே தம்பி, குறை.

ஏன் என்று சொல்கிறேன். பிக்கப் ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. காந்தம், அதைச் சுற்றி எனாமல் பூசிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். இரும்புத் தந்தி அந்தக் காந்தப் புலத்துக்குள் அதிரும்போது கொயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபரடே கண்ட விஷயம். பிற்காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றில் ஓடைத் தண்ணீரில் டைனமோவைச் சுழற்றித் தேயிலை ஸ்டோருக்குக் கரண்ட் எடுத்தார்களே, அதுவும் இதே தத்துவம்தான். கொயிலில் சுற்றுகள் கூடினால் வெளியே வரும் சத்தம் கூடும். அது உண்மை. கூடவே கொயிலின் தூண்டமும் (இன்டக்டன்ஸ்) கூடும். தூண்டம் கூடினால் பிக்கப் எந்த இடத்தில் பளிச்சென்று ஒலிக்குமோ அந்த உச்சம் கீழே இறங்கிவிடும். சாதாரண ஸ்ட்ராட் வகைப் பிக்கப் ஒன்றின் தூண்டம் இரண்டரை ஹென்றி அளவில் இருக்கும். கேபிளோடு சேர்த்துப் பார்த்தால் அதன் உச்சம் சுமார் 4,000 ஹெர்ட்ஸில் விழும். தந்தியில் பிக் படுகிற அந்த 'டிக்' என்ற துல்லியம் இருப்பது அங்கேதான். சுற்றுகள் கூடிய ஹொட் பிக்கப்பில் அது 2,000 பக்கம் வந்துவிடும். அந்த இடத்தில் ஏற்கெனவே பாடகரின் குரலும் கீபோர்ட்காரரின் வயலினும் குடியிருக்கின்றன. தனியாக வீட்டில் வாசிக்கும்போது தடிமனாக, அருமையாகத்தான் இருக்கும். மேடையில் ஏறினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

இந்த இலங்கைத் தீவுக்கு மின்கிட்டார் என்றால் என்ன என்று காதில் பதிந்ததே சுத்தமான, மெல்லிய சத்தமாகத்தான். சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று பலரும் சொல்கிற கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது நம் அப்புத்தளையில். 1960களின் நடுப்பகுதியில் அவரும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தபோது பாட்டுக்கு முன்னால் கிட்டார் ஒரு சின்ன மெட்டை எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். பைலாவும் அப்படித்தான். ஆறுக்கு எட்டுத் தாளத்தில் கிட்டார் வெட்டி வெட்டிப் போனால்தான் ஆட்டம் வரும். சிலோன் மனோகரின் பொப் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் மேடையில் இன்றைக்கும் ஓடுவது இந்தச் சரக்கும் இளையராஜாவும்தான். அதற்குக் கனமான உலோக இசைக்காரர்களின் பிக்கப்பைப் போட்டு என்ன செய்ய?

காசுக் கணக்கும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. 70 டொலர் பிக்கப் ஒன்று 14,000இலிருந்து 25,000க்கு ஏறிவிட்டது, தபால் செலவும் தீர்வையும் சேர்க்காமலே. 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அப்படியானால் ஒரு பிக்கப்புக்குப் பையனின் அம்மா 25 நாள் பேர் போட வேண்டியிருந்தது. 2022இலிருந்துதான் நான் வாங்கிப் போடும் யோசனையையே விட்டுவிட்டு, இருப்பதைத் திருத்தும் வேலையில் தீவிரமாக இறங்கினேன். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வேறு. பற்றவைக்கிற அயன் சூடாகும்போது கரண்ட் போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூக்கள் அதைத் தூக்கவும் இறக்கவும்தான். கடைசிக் கட்டையில் (ஃபிரெட்) தடித்த தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையில் எவ்வளவு என்று அடிமட்டம் வைத்துப் பாருங்கள். தடித்த தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு என்பது பொதுவான தொடக்கம். என்னிடம் வருகிற கிட்டார்களில் அநேகமாக எல்லாமே தந்தியை முட்டுகிற அளவுக்குத் தூக்கித்தான் இருக்கும். யாரோ ஒருவர் சத்தம் கூடட்டும் என்று திருகியிருப்பார். காந்தம் கிட்டே வந்தால் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த தந்தியில் மேல் கட்டைகளில் வாசித்தால் சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போல ஒரு ஒலி வரும். டியூனரைப் பார்த்தால் முள் நிற்காது. பிரிட்ஜை மாற்று, நட்டை மாற்று என்று செலவு வைத்தவர்களும் உண்டு. ஸ்க்ரூவை நாலு சுற்று இறக்கினால் தீர்கிற வியாதி அது. உள்ளே அல்நிகோ-5 காந்தக் குச்சிகள் உள்ள பிக்கப்பென்றால் இந்த இழுப்பு இன்னும் அதிகம்.

இறக்கியதும் சத்தம் குறையும். உடனே முகம் வாடும். ஆம்பில் வொலியூம் என்றொரு குமிழ் இருப்பதை நான் அப்போது காட்டிக் கொடுப்பேன்.

இரண்டாவது, பிக்கப்பைத் தொடுமுன் அதற்கு வெளியே இருக்கிற வயரைப் பாருங்கள். கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபரட் அளவில் மின்தேக்கம் இருக்கும். ஆறு மீட்டர் கேபிள் போட்டால் 600. அது பிக்கப்போடு சேர்ந்து அந்த உச்சத்தைக் கீழே இழுக்கிறது. மூன்று மீட்டரில் ஆம்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புதுப் பிக்கப் போட்ட மாதிரி இருக்கும். மேடை முழுக்க நடந்து வாசிக்கிறவர்களுக்கு இது சரிவராது என்பது தெரியும். நம் மேடைகள் நடக்கிற அளவுக்குப் பெரிசா என்ன?

அடுத்து வொலியூம் பொட், அதாவது வொலியூம் குமிழுக்குக் கீழே இருப்பது. ஒற்றைக் கொயில் பிக்கப்புக்கு 250 கிலோஓம், இரட்டைக் கொயிலுக்கு 500 கிலோஓம் என்பது வழக்கம். வொலியூமைப் பாதியாகக் குறைத்ததும் கிட்டார் போர்வை போட்டுக்கொண்ட மாதிரி மங்கிப் போகிறதா? பொட்டின் தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து மேல் ஒலியை விழுங்குவதுதான் காரணம். இதற்கு மருந்து மிகவும் மலிவு. '102' என்று அச்சடித்த ஒரு கபாசிட்டர், அதாவது 0.001 மைக்ரோஃபரட். அதோடு 150 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்து, பொட்டில் பிக்கப் வயர் வந்து சேரும் காலுக்கும் வெளியே போகும் நடுக் காலுக்கும் இடையில் பற்றவைத்துவிடுங்கள். பதுளை டவுனில் டிவி, ரேடியோ திருத்துகிற எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய ரேடியோ போர்டு ஒன்று வீட்டில் கிடந்தால் அதுவும் வேண்டாம். டோன் பொட்டில் '104' கபாசிட்டர் இருந்தால் எடுத்துவிட்டு '473' அல்லது '223' போடுங்கள். டோன் குமிழைத் திருப்பியதும் சேற்றுக்குள் விழுகிற அந்தக் குணம் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகும் பிடிக்கவில்லை என்றால்தான் பிக்கப்பைக் கழற்றலாம்.

மலிவான ஸ்ட்ராட் நகல்களைக் கவிழ்த்துப் பார்த்தால் பிக்கப்பின் அடியில் சொக்கலேட் நிறத்திலோ கறுப்பாகவோ ஒன்றிரண்டு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கும். அது செராமிக். மேலே தெரிகிற ஆறு முனைகளும் காந்தமல்ல, வெறும் இரும்புக் குச்சிகள். ஒரு சின்ன ஆணியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் இந்த இரும்புக் குச்சி, அல்நிகோ காந்தக் குச்சி இரண்டும் இழுக்கும், ஆகவே அப்படிச் சோதிக்க முடியாது. அடியில் பட்டை இருக்கிறதா என்பதுதான் அடையாளம். செராமிக் என்றாலே கூச்சல், அல்நிகோ என்றாலே இனிமை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செராமிக் பட்டை அடியில் கிடந்து காந்தப் புலத்தைத் தருவதோடு சரி. கொயிலுக்கு நடுவில் நிற்கிற இரும்புக் குச்சிதான் தூண்டத்தைக் கூட்டுகிறது, அதில் ஓடும் சுழல் மின்னோட்டம்தான் அந்தப் பளிச்சை அமுக்குகிறது. பழி காந்தத்தின் மேல், வேலை இரும்புடையது.

இரண்டு பட்டை ஒட்டியிருந்தால் ஒன்றை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஹேர் டிரையர் சூட்டில் பசை இளகும். பிக்கப் கொஞ்சம் அடங்கி, தந்தியைத் தட்டுகிற விதத்துக்கு ஏற்றபடி பேசும். செலவில்லாத மாற்றம், பிடிக்காவிட்டால் திரும்ப ஒட்டலாம். எடுக்குமுன் எந்தப் பக்கம் எந்த முனை என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

முழுதாக மாற்ற வேண்டுமென்றால் அந்த இரும்புக் குச்சிகளைத் தள்ளி எடுத்துவிட்டு, அதே தடிமனில் அல்நிகோ குச்சிகளை நுழைக்க வேண்டும். பட்டைக் காந்தம் அப்போது தேவைப்படாது. குச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விட்டம். வாங்குமுன் உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 4.8 என்றும் வரும். குச்சிகள் பதுளையில் கிடையாது, தபாலில்தான் எடுப்பிக்க வேண்டும். ஆறும் ஒரே முனை மேலே பார்த்திருக்க வேண்டும். நடுப் பிக்கப்பின் கொயில் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால், அதற்கு மட்டும் முனையை மாற்றி நுழைத்தால் இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிக்கும்போது இரைச்சல் அறுந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, பெரிய எழுத்தில் போட வேண்டியது. வார்ப்புப் பிளாஸ்டிக் பாபினில் சுற்றிய பிக்கப்பில் மட்டும்தான் குச்சியைத் தள்ளலாம். மேலும் கீழும் கறுப்பு மட்டைத் தகடு வைத்து, நடுவில் காந்தத்தின் மேலேயே நேரடியாகக் கம்பி சுற்றிய பழைய பாணிப் பிக்கப்பில் குச்சியைத் தள்ளினால் உள் சுற்றுக் கம்பி உராய்ந்து அறுந்துவிடும். பிறகு அதை முழுதாக அவிழ்க்க வேண்டியதுதான். தகட்டின் ஓரத்தைப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இரட்டைக் கொயில், அதாவது ஹம்பக்கர் உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. 1955இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் வடிவமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த யோசனை. இரண்டு கொயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனையையும் எதிராக வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், தந்தியின் சத்தம் மட்டும் கூடும். நம் கைக்கு வருகிற மலிவு ஹம்பக்கர்கள் மல்டிமீட்டரில் 15, 16 கிலோஓம் காட்டும். விற்கிறவர்களும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். ஒரு கொயிலை வெட்டிவிடு, ஒற்றைக் கொயிலாகிவிடும் என்று பலர் ஆலோசனை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படி வெட்டினால் இரைச்சல் திரும்பி வந்துவிடும். நான் செய்வது, தொடராக இருக்கிற இரண்டு கொயில்களையும் பக்க இணைப்பாக மாற்றுவது. 16 கிலோஓம் 4 ஆகும். தூண்டம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகும். சத்தம் இறங்கும், பளிச்சென்று வெட்டும். இரைச்சலோ பழையபடி அடங்கியே இருக்கும். பிக்கப்பைச் சுற்றியிருக்கும் கறுப்புத் துணி டேப்பை அவிழ்த்தால் இரண்டு கொயிலையும் சேர்த்த இணைப்பு உள்ளே தெரியும். அங்கே நாலு முனையையும் பிரித்து வெளியே எடுங்கள். ஒரு சின்ன சுவிட்ச் போட்டால் பழைய சத்தமும் கைவசம் இருக்கும். சபைப் பையன் ஒருவனுக்கு இப்படி மாற்றிக் கொடுத்தபோது அவன் அந்த சுவிட்சை மறுபக்கம் தட்டியதே இல்லை.

இரைச்சல் என்றதும் நம் கரண்டைப் பற்றிப் பேச வேண்டும். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சங்கீதக் கணக்கில் அது கீழ் ஜிக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது, ஜியின் சரியான இடம் 49. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் பி ஃபிளாட்டுக்கும் பிக்கும் நடுவில் எங்கேயோ திரிகிறது. ஆகவே ஜி மேஜரில் பாட்டுப் போட்டால் ஆம்பின் உறுமல் நமக்குத் தம்புரா போடும். இது பகிடிதான், ஆனால் எங்கள் பேஸ் வாசிக்கிறவர் இதை நம்பிப் பாட்டுகளின் சுருதியை மாற்றப் பார்த்தார்.

உறுமல் ஒன்று, கிறீச் என்ற ரீங்காரம் வேறொன்று. ஃபேன் ரெகுலேட்டர், எல்.ஈ.டி. பல்பு, மேடை விளக்கு டிம்மர் இவற்றிலிருந்து வருகிற ரீங்காரத்தை உலோகத் தகடு ஒட்டி மறைக்கலாம். ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப் புலத்திலிருந்து வருகிற ஆழமான உறுமலுக்குத் தகடு ஒன்றும் செய்யாது. தகடு ஒட்டியும் போகவில்லையே என்று வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

தகடு என்றதும் செப்பு டேப்பைத் தேடி அலைய வேண்டாம். தேயிலை தேசத்தில் இருக்கிறோம். முந்தி பலகைப் பெட்டியில் தேயிலை போகும்போது உள்ளே அலுமினியத் தாள் விரித்துத்தான் அடைப்பார்கள். இப்போது வருகிற கடதாசி மூட்டைகளின் உள்ளேயும் அதே வெள்ளித் தாள்தான். ஸ்டோரில் வேலை செய்கிற யாரிடமாவது கேட்டால் கிழிந்த மூட்டை ஒன்று கிடைக்கும். கிட்டாரின் உள் குழியில் மரப் பசை பூசி, தாளின் உலோகப் பக்கம் மேலே தெரிய ஒட்டுங்கள். இதில் இரண்டு விஷயம். ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை ஒட்டினால் நடுவில் இருக்கும் பசையும் கடதாசியும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஓரத்தை மடித்து உலோகத்தோடு உலோகம் தொடும்படி வைத்து, மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் போட்டு மூலைக்கு மூலை தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது, அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. எர்த் வயரின் நுனியில் வளையம் போட்டு, வொஷரோடு சேர்த்து மரத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். அந்த வயர் வொலியூம் பொட்டின் முதுகுக்குப் போக வேண்டும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை, இது சத்தத்துக்காக அல்ல. கிட்டாரின் தந்திகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. திருவிழா மேடைக்கு லயத்து வீடுகளிலிருந்து இரண்டு வயரில் லைன் இழுத்திருப்பார்கள். மூன்று கால் பிளக் இருக்கும், மூன்றாவது காலுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. பழுதான ஆம்ப் ஒன்றும் அதோடு சேர்ந்துவிட்டால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் படுகிற நொடியில் ஆள் போய்விடக்கூடும். மைக்கில் லேசாக 'சுர்' என்றாலே வாசிப்பதை நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் நான் கிட்டாரைச் செருகுவதில்லை. அப்படிச் சில நிகழ்ச்சிகளைத் தவறவிட்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆம்பைக் கூட்டினால் பிக்கப் விசிலடிக்கிறதா? தந்திகளைக் கையால் பொத்திப் பிடித்தும் நிற்காமல் கத்தினால் கொயிலின் சுற்றுகள் தளர்ந்து தாமாகவே அதிர்கின்றன என்று அர்த்தம். மெழுகில் முக்க வேண்டும். மெழுகுதிரி மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகுக்கு நான் மகியங்கனைப் பாதையில் தேன் விற்கிறவர்களைப் பிடித்துக்கொள்வேன். தம்பானைப் பக்கத்துத் தேனின் மெழுகு அது, உருக்கினால் வீடே மணக்கும். ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் பழைய பால்மா டின்னில் மெழுகு. நேரடியாக அடுப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள், மெழுகு தீப்பிடிக்கும். 65 பாகைக்கு மேல் போனால் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும், ஆகவே சமையல் வெப்பமானி ஒன்று கட்டாயம். பிக்கப்பை முக்கியதும் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். அவை நிற்கும்வரை உள்ளே இருக்கட்டும். எடுத்துத் துடைத்து, தானாக ஆறவிடுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் இருப்பவர்கள் பிக்கப்பை முன்கூட்டியே கொஞ்சம் சூடாக்கிக்கொள்வது நல்லது. சில்லென்ற பிக்கப்பை முக்கினால் மெழுகு வெளியேயே உறைந்து, உள்ளே இறங்காது.

குளிர் என்றதும் இன்னொன்று. செப்பின் தடை வெப்பத்தோடு மாறும், பாகை ஒன்றுக்கு 0.4 சதவீதம் அளவில். கொழும்பில் 30 பாகையில் 6.00 கிலோஓம் காட்டுகிற பிக்கப், அப்புத்தளையில் 15 பாகைக் காலையில் 5.66தான் காட்டும். ஒரு சுற்றும் குறையவில்லை. கொழும்பில் பழைய பிக்கப் வாங்கி வந்து இங்கே அளந்துவிட்டு "ஏமாத்திட்டாங்கண்ணே" என்று கொதிக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். இலக்கத்தை வைத்துப் பிக்கப் வாங்குவதே அரைகுறைக் கணக்கு. கம்பி மெல்லியதானாலும் அதே இலக்கம் கூடிவிடும்.

கடைசியாக, செத்த பிக்கப். நம் பக்கத்தில் இதற்கு முதற்காரணம் ஈரம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் மூடுபனியும் விடாது. கிட்டார் லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கும், சுவரே வேர்த்துக்கொண்டிருக்கும். வாசிக்கிறவனின் வியர்வை உப்பும் சேர்ந்தால் எனாமலில் ஊசிமுனை இடைவெளி போதும், செப்பு பச்சை பூத்து அறுந்துவிடும். மல்டிமீட்டரை 20 கிலோஓம் அளவில் போட்டால் ஒன்றும் காட்டாது. அப்போதும் உடனே முடிவு கட்டாதீர்கள். கம்பி அதிகமாக அறுவது நடுவில் அல்ல, வெளி வயரோடு பற்றவைத்த முனையில். பூதக்கண்ணாடியோடு அந்த இடத்தைத் தேடி, வெளிச் சுற்றில் ஒன்றை மெல்ல அவிழ்த்து, எனாமலைச் சுரண்டித் திரும்பப் பற்றவைத்தால் பல பிக்கப்புகள் எழுந்து உட்காரும்.

உள்ளே அறுந்திருந்தால் முழுதாகச் சுற்ற வேண்டும். டவுனில் மோட்டர் சுற்றுகிற கடைகளில் எனாமல் கம்பி இருக்கும், ஆனால் ஃபேன் கம்பி இதற்குத் தடிமன். நமக்கு வேண்டியது 0.063 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ். ஸ்ட்ராட் பிக்கப்புக்குச் சுமார் 8,000 சுற்று. பழைய தையல் மெஷின் மோட்டரில் பாபினை மாட்டி, நிமிஷத்துக்கு 500 சுற்று வேகத்தில் விட்டால் கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஆகும். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் துணி வைத்து மெதுவாகப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் பின்னால் விசிலடிக்கும். எண்ணுவதற்கு ஒரு தந்திரம் உண்டு. மலிவான கல்குலேட்டரின் சமன் பொத்தானின் இரு பக்கத்திலிருந்தும் வயர் எடுத்து ஒரு ரீட் சுவிட்சில் சேருங்கள். சுழல்கிற தட்டில் சின்னக் காந்தம் ஒட்டுங்கள். 1 கூட்டல் 1 என்று தட்டிவிட்டு மோட்டரை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும். சில கல்குலேட்டருக்கு அவ்வளவு வேகத்தில் எண்ண வராது, முதலில் மெதுவாக ஓட்டிச் சரிபாருங்கள். நான் 8,000 வரை போவதில்லை. 7,500 பக்கத்தில் நிறுத்திவிடுவேன். ஏன் என்று இவ்வளவு தூரம் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலையெல்லாம் செய்ய நல்ல மாதங்கள் ஜூலையிலிருந்து செப்டெம்பர். கச்சான் காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிற அதே காலம்தான். காற்றில் ஈரம் இருக்காது, பசை காயும். குழிக்குள் அடைபட்ட ஈரமும் வெளியேறும்.

செத்த பிக்கப் யாரிடமாவது கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். கம்பி போனாலும் பாபினும் காந்தமும் உதவும். பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தருமுன் அந்த வெளி முனையை ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டால் அது உங்களுக்கே இருக்கட்டும்.